பிடுங்கிய ஆடாதோடைக்கு மறுபடி இடம் கொடுங்கள்

எங்கள் அடுக்ககச் சங்க நிர்வாகிகளுக்கு,

வணக்கம். போன வாரம் பின்சுவரோரச் செடிகளை வேரோடு பிடுங்கிவிட்டு பேவர் பிளாக் பதித்துவிட்டீர்கள். புதர் மண்டிக் கொசு வருகிறது என்றீர்கள். கொசு முட்டையிடுவது தேங்கிய தண்ணீரில்தான். மோட்டார் அறைக்குப் பின்னால் மூடியில்லாமல் கிடக்கும் தொட்டியை முதலில் கவனியுங்கள்.

சுவரோரம் நின்றது ஆடாதோடை. கசப்புக்குப் பயந்து ஆடுகூடத் தொடாது என்பதால் வந்த பெயர் என்பார்கள். 1753-ல் லின்னேயஸ் இதற்கு வைத்த அறிவியல் பெயரிலும் 'அதாதோடா' என்று நம் சொல்லே இருக்கிறது. சளியை இளக்க டாக்டர்கள் எழுதித் தரும் புரோம்ஹெக்சின், இந்த இலையிலுள்ள வாசிசின் என்ற வேதிப்பொருளை முன்மாதிரியாக வைத்து உருவானதுதான்.

போகிப் புகையில் சென்னையே இருமும் நாட்களில் எங்கள் வீட்டு அடுப்பில் இந்தக் கஷாயம் இருக்கும். முற்றிய இலை இரண்டு பறித்து, நடுநரம்பைக் கிழித்தெறிந்துவிட்டு, நாலு மிளகு தட்டிப் போட்டு, ஒரு டம்ளர் தண்ணீர் கால் டம்ளராகச் சுண்டும்வரை கொதிக்கவிடுவார் அம்மா. சூடு தணிந்த பிறகுதான் தேன். அவ்வளவு கசப்பையும் ஒரே மடக்கில் விழுங்கிவிட்டு வெல்லக்கட்டிக்குக் கை நீட்டுவோம். நெஞ்சில் கட்டிய சளி மெல்ல இளகி வெளியே வரும். மூன்றாம் மாடிப் பெரியவரும் இதற்காகவே காலையில் இரண்டு இலை கிள்ளிக்கொண்டு போவார்.

கிள்ளுகிறவர்களுக்கு எச்சரிக்கையும் வேண்டும், அதை நான் மறைக்கவில்லை. கர்ப்பிணிகள் இதைத் தொடவே கூடாது. கருப்பையைச் சுருங்க வைக்கும் தன்மை இதற்கு உண்டு. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் ஆகாது. இரண்டு வாரம் தாண்டியும் இருமல் நிற்காவிட்டால் கஷாயத்தை நம்பி உட்காராமல் சளிப் பரிசோதனைக்குப் போக வேண்டும், காசநோயாக இருக்கலாம். சந்தேகம் இருந்தால் தாம்பரம் சானடோரியம் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்திலோ அரும்பாக்கம் அரசு இந்திய மருத்துவமனையிலோ கேட்கலாம். இவ்வளவையும் எழுதி ஒரு பலகை வைக்கும் செலவு என்னுடையது.

குப்பையில் கிடந்த கிளைகளிலிருந்து மூன்று போத்து வெட்டி, பழைய பெயின்ட் வாளியில் ஊன்றியிருக்கிறேன். ஒன்று துளிர்த்துவிட்டது. ஜெனரேட்டர் பக்கம் மூன்றடி மண் இன்னும் மூடாமல் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் அந்த இடத்தைக் கேட்பேன், தயவுசெய்து கொடுங்கள்.

இப்படிக்கு,
இரண்டாம் மாடியில் குடியிருப்பவள்