மேப்பிள் மரத்தடியில் பூக்கும் பிளட்ரூட்

டொராண்டோ,
ஏப்ரல்

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

இங்கு எல்லோரும் நலம். பெரியம்மாவின் மூட்டுவலி இப்போது எப்படி இருக்கிறது? இந்த ஊர் மூலிகைகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பிளட்ரூட்டைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். நம் தரிசில் முளைக்கும் பிரமத்தண்டுக்கு இது சொந்தம், இரண்டும் கசகசாக் குடும்பம்.

ஏப்ரலில் மேப்பிள் மரங்கள் இன்னும் மொட்டையாக நிற்கும்போதே இது பூத்துவிடும். சுருண்ட ஒற்றை இலையைப் போர்த்திக்கொண்டு காம்பு எழும்பும். உச்சியில் வெள்ளைப் பூ, பெரும்பாலும் எட்டு இதழ். சில நாளில் உதிர்ந்துவிடும், ஆனால் அத்தனை அழகு! கிழங்கை ஒடித்தால் செம்மஞ்சள் பால் வடியும். மைனஸ் 35 டிகிரிக் குளிரிலும் மண்ணுக்குள் பிழைத்துக் கிடக்கும்.

நடுவதற்கு ஏற்ற காலம் ஆகஸ்ட் கடைசி முதல் அக்டோபர் வரை. இலை உதிர்க்கும் மரத்தடிதான் சரியான இடம்: வசந்தத்தில் வெயில், கோடையில் நிழல். மக்கிய இலை நிறையக் கலந்து, கிழங்கைப் படுக்கை வாட்டில், மொட்டு மேலே பார்க்க, 2 அல்லது 3 செ.மீ. ஆழத்தில் வைக்க வேண்டும். இடைவெளி 15 செ.மீ. 3 செ.மீ.க்குமேல் ஆழம் போனாலோ தண்ணீர் தேங்கினாலோ அழுகிவிடும். களிமண் என்றால் மேட்டுப்பாத்தி போடுவதே நல்லது. பிரித்து நடும்போது துண்டுக்கு ஒரு மொட்டாவது இருக்கட்டும், கையுறை அவசியம். கோடையில் மண் காய்ந்தால் இலை முன்கூட்டியே மஞ்சளாகி மறையும். செடி செத்துவிட்டதென்று தோண்டிவிடக் கூடாது.

விதையில் ஒட்டியிருக்கும் கொழுப்புச் சதைக்காக எறும்புகள் அதை இழுத்துப் போகும். காட்டில் பரவுவது அப்படித்தான். காய் வெடிக்கும் முன்பே மெல்லிய துணிப்பை கட்டி விதையைப் பிடித்து, அன்றே விதைக்க வேண்டும். உலர்ந்துவிட்டால் முளைப்பது அரிது. குளிரைக் கடந்து மறுவசந்தம்தான் முளைக்கும், பூக்க மேலும் சில வருடம். காட்டிலிருந்து பிடுங்கி வருவதை நான் ஒப்பமாட்டேன். நாற்றுப்பண்ணையில் வளர்த்ததை வாங்குவதே முறை.

இங்குள்ள பூர்வகுடிகள் இந்தப் பாலை உடலுக்கும் கூடைக்கும் சாயமாகப் பூசினார்கள். இருமல், தொண்டைப்புண், மூட்டுவலிக்கும் கிழங்கைக் கொடுத்தார்கள், அளவு தெரிந்த கைகளால். அதிலுள்ள ‘சாங்குவினரின்’ என்ற சரக்கு ஒரு நஞ்சு. சற்றுக் கூடினாலும் வாந்தி எடுக்கும். பிரமத்தண்டு விதையிலும் இதே சரக்குதான் இருக்கிறது. 1998-ல் டெல்லியில் கடுகெண்ணெயில் அந்த விதையெண்ணெய் கலந்து, கால் வீங்கிப் பலர் இறந்தது உங்களுக்கு நினைவிருக்கும். இங்கே பற்பசையில் சாங்குவினரினைச் சேர்த்துப் பார்த்தார்கள். வாய்க்குள் வெள்ளைத் திட்டு வருவதோடு தொடர்பு தெரிந்தபின் நீக்கிவிட்டார்கள்.

இந்தக் கிழங்கைத் துத்தநாகக் குளோரைடோடு சேர்த்து, புற்றுநோய்க்கென்று கறுப்புக் களிம்பு விற்கிறார்கள். அது நல்ல சதையையும் சேர்த்துக் கரித்துவிடும்; மேலே பொருக்குத் தட்டி ஆறினாற்போல் தெரிய, அடியில் கட்டி வளர்ந்துகொண்டே இருக்கும். யாராவது உங்களிடம் கேட்டால் கண்டிப்பாகத் தடுத்துவிடுங்கள். பெரியம்மாவின் மூட்டுவலிக்கும் இது வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் மகள்