புதிய போனுக்கு மாறுமுன்

ஆசிரியருக்கு,

புதிய போன் கைக்கு வந்ததுமே பழையதை ரீசெட் செய்து, அதிலுள்ள எல்லாவற்றையும் அழித்துவிடாதீர்கள். பலர் கோட்டைவிடுவது இங்கேதான்.

தொடர்பு எண்கள் கூகுள் கணக்கில் இருக்கின்றனவா, போன் நினைவகத்தில் மட்டும் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். நினைவகத்தில் மட்டும் இருப்பவை கணக்கு வழியாக வராது.

வாட்ஸ்அப் ‘செட்டிங்ஸில்’ உள்ள ‘சாட்ஸ்’ பகுதிக்குப் போய் பேக்கப் எடுங்கள். மீட்கும்போது அதே எண்ணும் அதே கூகுள் கணக்கும் வேண்டும். பேக்கப்புக்குக் கடவுச்சொல்லோ 64 இலக்கச் சாவியோ வைத்திருந்து அதைத் தொலைத்துவிட்டால், அந்தப் பேக்கப்பை யாராலும் திறக்க முடியாது. தொலைத்திருந்தால், பழைய போனில் வாட்ஸ்அப் இயங்கும்போதே அந்தக் கடவுச்சொல்லையோ சாவியையோ மாற்றிவிடுங்கள்.

ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்குப் போகிறவர்களுக்கு கூகுள் டிரைவ் பேக்கப் உதவாது. ‘மூவ் டு ஐஓஎஸ்’ செயலி வழியாக, ஐபோனை முதன்முதலில் அமைக்கும்போதே வாட்ஸ்அப்பையும் தேர்ந்தெடுக்க வேண்டும்.

யுபிஐ செயலிகள் எண்ணைச் சரிபார்க்க உங்கள் சிம்மிலிருந்து ஒரு எஸ்எம்எஸ் அனுப்பும். சிம் புதிய போனில் இருக்க வேண்டும். எஸ்எம்எஸ் அனுப்பும் வசதியோ இருப்போ இல்லையென்றால் பதிவு அங்கேயே நின்றுவிடும்.

எல்லாம் வந்துவிட்டதென்று ஒரு வாரம் பார்த்த பிறகு, பழைய போனிலிருந்து கூகுள் கணக்கை நீக்கி, கடைசியாக ரீசெட் செய்யுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்