ரோடு அடைத்துவிட்டால் மெனு கார்டை எடுத்து வைத்துவிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வடகிழக்குப் பருவமழை நெருங்கினால் ஏரிக்கரை, மின்கம்பம், நிவாரண முகாம் என்று எல்லாவற்றையும் பற்றிச் செய்தி வருகிறது. மலைமேல் ரிசார்ட்டில் மாட்டிக்கொண்டவர்கள் அன்றைக்கு என்ன சாப்பிடுவார்கள் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை, காசு கொடுத்துத் தங்கியவர்களுக்கு என்ன குறை என்று விட்டுவிடுகிறோம். கல்யாணச் சமையல் காண்ட்ராக்ட் எடுத்துச் செய்கிறவன் நான், அதனால் இதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தது. கடலோரத்துப் புயல் நமக்கென்ன என்றிருந்தோம், ஆனால் அடுத்த நாட்களில் கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் ஏறக்குறைய 50 செ.மீ. கொட்டித் தீர்த்தது, ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்தது. அந்த நேரம் குடும்பத்தோடு ஏற்காட்டில் ஒரு விடுதியில் இருந்தேன். கரண்ட் போய்விட்டது. ஜெனரேட்டர் டீசல் தீர்ந்துவிடும் என்று விட்டு விட்டுப் போட்டார்கள். அப்படியிருந்தும் ரெஸ்டாரண்டில் மெனு கார்டைக் கொடுத்து ஆர்டர் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு டேபிளுக்கு நூடுல்ஸ், அடுத்த டேபிளுக்கு பன்னீர் பட்டர் மசாலா, இன்னொன்றுக்கு ரொட்டி என்று ஒவ்வொன்றாக அடுப்பேறி இறங்க, பின்னால் வந்தவர்கள் குழந்தைகளோடு வெகுநேரம் காத்திருந்தார்கள். இன்சுலின் போட்டுக்கொள்ளும் ஒரு பெரியவர் பிஸ்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கார் டிரைவர்கள் போர்ட்டிகோவில் சாரல் அடிக்க நின்றார்கள், அவர்களுக்குக் கிடைத்தது டீ மட்டும்தான்.

பொறுக்க முடியாமல் சமையலறைப் பக்கம் போய் மாஸ்டரிடம், "அரிசிம்பருப்பு சாதம் ஒரு அண்டா வச்சு இறக்குங்க, எல்லாருக்கும் ஆச்சு" என்றேன். அவர், "அரிசி இருக்குதுங்க, பருப்பும் இருக்குதுங்ண்ணா, ஆனா மெனுவுல இல்லீங்களே, மேனேஜர் சொல்லாம நான் எப்படிங்க வெக்கிறது" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். முடிவெடுக்க வேண்டியவர்கள் முன்கூட்டியே எதையும் யோசித்து வைக்கவில்லை.

மலை என்றால் இருப்பது ஒன்றிரண்டு ரோடுதான். ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவு, ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40, கொல்லிமலைக்கு 70. பாலும் காய்கறியும் சிலிண்டரும் பெரும்பாலும் கீழேயிருந்துதான் ஏறவேண்டும். ஒரு வளைவில் மரம் விழுந்தாலே அன்றைய சரக்கு நின்றுவிடும். 2009 நவம்பரில் நீலகிரியில் நடந்த மண்சரிவுகளை எங்கள் பக்கம் யாரும் மறக்கவில்லை, 40 பேருக்கு மேல் இறந்துபோனார்கள், ரோடும் மலை ரயில் பாதையும் சேர்ந்தே அறுந்தன. 2019 ஆகஸ்டில் அதே நீலகிரியின் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் பெய்தது. அதனால் எப்போதோ ஒருமுறை வருவதுதானே என்று தள்ளிவிட வேண்டாம்.

சரி, என்ன செய்யலாம்? கரண்ட் போனவுடன் ஃப்ரிட்ஜை அடிக்கடி திறக்கக் கூடாது. மூடியே வைத்தால் உள்ளே உள்ளது 4 மணி நேரம் வரை தாங்கும், நிரம்பிய ஃப்ரீசர் திறக்காமல் இருந்தால் 2 நாள் வரை தாங்கும். எனவே பால், பன்னீர், கறி, மீனை முதல் வேளைக்கே சமைத்துவிட வேண்டும், அப்புறம் காய்கறி, கடைசியில் அரிசி, பருப்பு, புளி, ரவை, கொள்ளு. இதைத் தலைகீழாகச் செய்து, முதல் நாள் உப்புமா கிண்டிப் போட்டுவிட்டு மறுநாள் வாடை அடிக்கும் கறியைக் குழம்பு வைப்பவர்களும் இருக்கிறார்கள், அது வயிற்றுப்போக்கில்தான் கொண்டுபோய் விடும், ஆஸ்பத்திரிக்கு இறங்க வழியும் இருக்காது. வடித்த சோற்றைச் சூடாக வைத்திருக்க முடியாவிட்டால் வேளைக்கு வேளை அளவாக வடியுங்கள். வெளியே வெகுநேரம் கிடந்த சோற்றில் நச்சு உண்டாகிவிட்டால் திரும்பச் சூடு பண்ணினாலும் அது போகாது. தேங்காய்ச் சட்னி வேண்டாம், புளிச்சாதமும் ஊறுகாயும் தாங்கும்.

தண்ணீர் இன்னும் பெரிய பாடு. மோட்டார் ஓடாவிட்டால் மேல்தொட்டியில் இருப்பதுதான் கணக்கு. குடிக்கிற தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் கொடுக்க வேண்டும். தட்டு, கிண்ணம், போசி என்று கழுவிக்கொண்டிருந்தால் அதிலேயே தொட்டி காலியாகும். ஒரு கட்டு பாக்குமட்டைத் தட்டு ஸ்டோரில் கிடந்தால் என்ன கெட்டுப்போகிறது? கைக்குழந்தைக்குப் பால்பவுடர், சர்க்கரை நோயாளிக்கு நேரத்துக்கு முதல் பந்தி, இரண்டையும் கட்டாயம் ஒதுக்கி வைக்க வேண்டும். காஸ் தீர்ந்தால் பற்றவைக்க நனையாத விறகும் ஒரு கல் அடுப்பும் இருக்கட்டும்.

2005 அக்டோபரில் மெக்சிகோவின் கான்கூன் கடற்கரையை வில்மா புயல் அடித்தபோது, அது ஒரு நாளுக்கும் மேல் அந்தப் பகுதியை விட்டு நகரவே இல்லை, சுற்றுலா வந்தவர்கள் நாள்கணக்கில் முகாம்களில் முடங்கிக் கிடந்தார்கள். புயல் வழக்கமாக வரும் அப்படிப்பட்ட ஊர்களில், காற்று ஏறுவதற்கு முன்பே ரொட்டி, பழம், டின் உணவு, தண்ணீர் பாட்டிலைப் பொட்டலமாகக் கட்டி விருந்தினர் கையில் கொடுத்துவிடுகிற விடுதிகள் உண்டு. அடுப்பு எரியாவிட்டாலும் பசி அடங்கும். நம்மிடம் கட்டுச்சோற்றுப் பழக்கமே இருக்கும்போது இதைச் செய்ய முடியாதா?

டிரைவர்கள், ரூம் பாய்கள், தோட்ட வேலை செய்பவர்கள் எல்லோருக்கும் அதே சாப்பாடு, அதே நேரத்தில் கிடைக்க வேண்டும். விருந்தினர் சாப்பிட்டு மிச்சம் இருந்தால் பார்க்கலாம் என்பது நம் மண்ணின் பழக்கமே இல்லை. ரோடு அடைத்த நாளில் மெனு விலைக்குப் பில் போடுவதும் தப்பு. அரிசி பருப்புச் செலவை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள், யாரும் தகராறு பண்ண மாட்டார்கள்.

மாவட்ட நிர்வாகங்கள் மழைக்கு முன் நடத்தும் ஆயத்தக் கூட்டங்களுக்கு ஏற்காடு, வால்பாறை, கோத்தகிரி, கொல்லிமலை விடுதிக்காரர்களையும் கூப்பிட வேண்டும். எத்தனை நாளைக்கு அரிசி, பருப்பு, காஸ், டீசல் இருப்பு என்று எழுதி வாங்க வேண்டும், உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் போய் ஸ்டோரைத் திறந்து பார்க்க வேண்டும். மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077 எண்ணை ஒவ்வொரு அறைக் கதவிலும் ஒட்டச் சொல்ல வேண்டும். அக்டோபர் பிறப்பதற்கு முன் இது நடக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கோபிசெட்டிபாளையம்.