கயலுக்கு, சிங்கப்பூர் ஈசூனிலிருந்து அம்மா

அன்பு மகள் கயலுக்கு,

நேற்றுத் தொலைபேசியில் நீ கேட்டதற்குப் பதில் சொல்லாமல் பேச்சை மாற்றிவிட்டேன். "வீடில்லாத பிள்ளைகளின் இல்லத்துக்குப் பணம் திரட்ட, முட்டிவலியை வைத்துக்கொண்டு 24 கிலோமீட்டர் நடந்துதான் ஆகவேண்டுமா? அந்தப் பணத்தை நானே அனுப்பிவிடுகிறேன்" என்றாய். நீ அனுப்புவாய், தெரியும். ஆனாலும் நான் நடக்கத்தான் போகிறேன். காரணத்தைப் பேச்சில் சொல்ல வரவில்லை.

மார்ச் மாதம் ஒரு விடியற்காலை மின்தூக்கி பழுதாகிவிட்டது. சந்தைக்குப் போக மாடிப்படியில் இறங்கினேன். ஏழாவது மாடிக்குக் கீழே படி திரும்பும் இடத்தில் ஒரு பையன் அட்டைப்பெட்டியை விரித்துப் படுத்திருந்தான். தலைக்குப் பை. சுவரோரம் காலணிகள் ஜோடியாக இருந்தன, காலுறைகளை மடித்து உள்ளே வைத்திருந்தான். கைப்பிடிக் கம்பியில் ஒரு ஹேங்கர். அதில் கறுப்புச் சட்டை, வேலை செய்யும் கடையின் பெயர் பொறித்தது. கசங்கக் கூடாதென்று மாட்டியிருக்கிறான். அதைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. காலடிச் சத்தம் கேட்டு எழுந்தவன், "மன்னித்துக்கொள்ளுங்கள் ஆன்ட்டி" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு, அட்டையை மடித்து, படுத்திருந்த இடத்தைக் கையாலேயே கூட்டித் தள்ளினான்.

மறுநாள் மைலோவும் ரொட்டியும் கொண்டுபோனேன். மூன்றாம் நாள்தான் பேசினான். வயது இருபது. அம்மா மறுமணம் செய்துகொண்டார், புதியவருக்கும் இவனுக்கும் ஒத்துவரவில்லை. ஒருநாள் வேலை முடிந்து வந்தபோது வீட்டுப் பூட்டு மாறியிருந்தது. அவனுடைய அடையாள அட்டையில் இன்றும் அதே வீட்டு முகவரிதான் இருக்கிறது, கயல்.

வாடகைக்கு ஓர் அறை பார்க்கக் கூடாதா என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. பகுதிநேரச் சம்பளத்தில் முன்பணமும் முதல் மாத வாடகையும் சேர்வதற்குள் கைக்காசு சாப்பாட்டுக்கே போய்விடுகிறது. மணமாகாத பிள்ளை தனியாக அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடு வாங்க 35 வயதாக வேண்டும் என்பது நமக்குத் தெரிந்ததுதானே. உனக்கு அது பெரிதாகத் தோன்றியதில்லை, ஏனென்றால் உனக்கு இந்த வீடு இருந்தது. அவனுக்கு இன்னும் பதினைந்து வருடம். 2022இல் ஒரே இரவில் எடுத்த கணக்கில் தெருவில் உறங்குபவர்கள் 530 பேர் என்று சொன்னார்கள். இவன் வாரத்தில் இரண்டு நாள் நண்பன் வீட்டுச் சோபாவில் தூங்குவான். அந்த இரவுகளில் எந்தக் கணக்கிலும் வரமாட்டான்.

பத்துப் பதினைந்து நாள் இருந்தான். பிறகு யாரோ புகார் சொல்லியிருக்கிறார்கள். ஒரு காலையில் படி வெறுமையாக இருந்தது, ஹேங்கர் மட்டும் கம்பியில் தொங்கியது. அதை வீட்டுக்கு எடுத்துவந்தேன்.

உன் அறை இரண்டு வருடமாகப் பூட்டித்தான் கிடக்கிறது. அந்தப் பதினைந்து நாளும் அது என் நினைவில் இருந்தது. தனியாக இருக்கும் பெண், முன்பின் தெரியாத பையன் என்று பயந்தேன். பயந்தது தவறென்று இப்போதும் என்னால் சொல்ல முடியவில்லை. ஆனால் தூக்கம் வரவில்லை.

அப்புறம்தான் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு இடம் கொடுக்கும் ஓர் இல்லத்தைத் தேடிப் போனேன். படுக்கை மட்டும் கொடுத்து அனுப்பிவிடுவதில்லை. வேலை, படிப்பு, முடிந்தால் குடும்பத்தோடு சமாதானம் என்று கூடவே நிற்கிறார்கள். கிலோமீட்டருக்கு நூறு சிங்கப்பூர் வெள்ளி, மொத்தம் 2,400 வெள்ளி என்று இலக்கு வைத்திருக்கிறேன். பணம் என் கைக்கு வராது, நேரே இல்லத்தின் கணக்குக்குப் போகிறது. இதுவரை 1,640 சேர்ந்திருக்கிறது. நீ மொத்தமாக அனுப்பிவிட்டால் நான் யாரிடமும் போய்க் கேட்க மாட்டேன், அந்தச் சட்டையைப் பற்றிச் சொல்லவும் மாட்டேன். சந்தையில் மீன்காரரிடம் சொன்னபோது கத்தியைக் கீழே வைத்துவிட்டார். தானும் பதினேழு வயதில் ஒரு வருடம் கடைக்குப் பின்னால் படுத்ததாகச் சொன்னார். இருபது வருடமாக அவரிடம் மீன் வாங்குகிறேன், இது தெரியாது.

நடக்கப்போவது பழைய ரயில் பாதையில். நீ சின்னவளாக இருந்தபோது தஞ்சோங் பகாரில் ஏறி கோலாலம்பூர் போனோமே, அதே தடம். 2011 ஜூன் 30ஆம் தேதியோடு ரயில் நின்றுவிட்டது, இப்போது புல்லும் மரமுமாக இருக்கிறது. புக்கிட் தீமா இரும்புப் பாலத்தைத் தாண்டும்போது நீ ஜன்னலில் எழுந்து நிற்பாய். போன வாரம் அதன்மேல் நடந்தேன். பயிற்சியில் 15 கிலோமீட்டர் வரை வந்துவிட்டது. முட்டிக்குப் பட்டை போட்டுக்கொள்கிறேன், மருத்துவரிடமும் கேட்டுவிட்டேன்.

வரும் மாதம் இரண்டாம் ஞாயிறு, விடியுமுன் தெற்கே தொடங்கி உட்லண்ட்ஸ் வரை. பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்கா பாதி வழியில் தண்ணீரோடு நிற்பார். மதியம்வரை தொலைபேசியை எடுக்காவிட்டால் பதறாதே.

இன்னொன்று. உன் அறை அலமாரியைக் காலி செய்யலாமா? இல்லத்தை விட்டு வெளியே வரும் பெண்பிள்ளை யாருக்காவது அறை தேவைப்பட்டால், முறைப்படி அவர்கள் மூலமாகவே கொடுக்கலாம் என்று நினைக்கிறேன். உன் புத்தகங்களைத் தனியாகக் கட்டிவைப்பேன். வேண்டாமென்றாலும் சொல், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

அன்புடன்,
அம்மா