சிங்காரத்தோட கிழிஞ்ச காது

அடியே வசந்தி,

உன் வாய்ஸ் மெசேஜுக்கு மூணு மாசமா பதில் போடலை, தெரியும். திட்டறதைக் கொஞ்சம் தள்ளி வை, இதைப் படிச்சு முடிக்கறதுக்குள்ள திட்டறதுக்கு இன்னொரு விஷயமும் கிடைக்கும், ரெண்டையும் சேர்த்துத் திட்டிக்கலாம். இங்க எல்லாரும் நல்லா இருக்கோம். இவருக்கு முதுகுவலி தேவலை. அம்மா உன்னை விசாரிச்சாங்க. ஜெயா பழைய ஜெயாவேதான், அதுக்கு மேல சொல்ல ஒண்ணுமில்லை.

நீ அந்த மெசேஜ்ல பொரிஞ்சு தள்ளியிருந்தியே, இப்ப வர்ற கார்ட்டூன் மிருகமெல்லாம் ஒரே அச்சு, ஒரே முட்டைக்கண்ணு, ஒருத்தன் பாண்டாவை விட்டா அடுத்த மாசமே நாலு பேர் பாண்டாவை விடறான், நாம பார்த்ததெல்லாம் ஒவ்வொண்ணும் ஒரிஜினல்னு. நாலு வரில பதில் போட்டு உன் வாயை அடைக்கலாம்னுதான் உக்காந்தேன். ஒரு சந்தேகத்துக்குப் படிக்கப் போய், அது இன்னொண்ணுல கொண்டு விட, அது வேற எங்கயோ இழுத்துட்டுப் போய்... மூணு மாசம் போனது அப்படித்தான். நடுவுல வேற ஒண்ணும் நடந்துது, அதுக்கு அப்புறம் வரேன்.

நம்ம ஒரிஜினல் சாமியே மிக்கி மவுஸ்தானே, அங்கயிருந்தே ஆரம்பிக்கறேன். அதுக்கு முன்னாடி ஃபெலிக்ஸ்னு ஒரு கருப்புப் பூனை, 1919ல வந்தது, பேசாத படக் காலத்துல அதுதான் சூப்பர் ஸ்டார். ஸ்டுடியோ முதலாளி பேட் சல்லிவன், பல வருஷம் அவர் பேர்தான் வெளில தெரிஞ்சுது. ஆனா உக்காந்து வரைஞ்சது ஓட்டோ மெஸ்மர்னு அங்க வேலை பார்த்தவங்க பின்னாடி சொன்னாங்க, அந்தச் சண்டை இன்னும் முழுசா ஓயலை. பேர் ஒருத்தருக்கு, கைவலி இன்னொருத்தருக்கு. (இந்த வரியை ஞாபகம் வெச்சுக்கோ, என்னைத் திட்டும்போது உதவும்.)

இந்த ஃபெலிக்ஸ் படங்களை வாங்கி வித்தது மார்கரெட் விங்க்ளர்னு ஒரு அம்மா. 1923ல டிஸ்னின்னு ஒரு சின்னப் பையன் ஆலிஸ்னு ஒரு சீரிஸ் பண்றான், அதையும் வாங்கி விக்கறது அதே அம்மாதான். அந்தச் சீரிஸ்ல ஜூலியஸ்னு ஒரு பூனை வரும். பார்த்தேன்டி, அப்படியே ஃபெலிக்ஸ்! பேரைத் தவிர எதையும் மாத்தலை. 1927ல அதே டிஸ்னி ஆட்கள் ஆஸ்வால்ட்னு ஒரு முயலைக் கொண்டு வந்தாங்க, அது என்னன்னா அதே கருப்பு உடம்புக்கு நீளக் காது. அடுத்த வருஷம் டிஸ்னி இன்னும் கொஞ்சம் பணம் கேக்கலாம்னு நியூயார்க் போனா, விங்க்ளர் அம்மாவோட வீட்டுக்காரர் மின்ட்ஸ் குறைச்சுத்தான் தருவேங்கறார், வரையற ஆட்களையும் முக்கால்வாசி தன் பக்கம் இழுத்து வெச்சுட்டார், முயலோட உரிமையும் யுனிவர்சல் கைல. வெறுங்கையோட திரும்பி வந்தப்புறம் டிஸ்னியோட ஓவியர் அப் ஐவர்க்ஸ் உக்காந்து வரைஞ்சதுதான் மிக்கி. நீளக் காதை எடுத்துட்டு ரெண்டு வட்டம். கூரான காது வெச்சா ஃபெலிக்ஸ், நீளமா இழுத்தா ஆஸ்வால்ட், உருட்டி வெச்சா மிக்கி. நம்ம ஒரிஜினல் சாமியோட வம்சம் இவ்ளோதான்.

ஆனா இதை வெறும் திருட்டுன்னு சொல்லிட்டுப் போறதும் எனக்கு ஒப்பலை. ஒரு ஏழு நிமிஷப் படத்துக்கு ஆயிரக்கணக்குல கையால வரையணும், வட்டமா இருந்தா கை ஓடும். கருப்பு வெள்ளைப் படத்துல உடம்பு முழுக்கக் கருப்பு அடிச்சா வெள்ளைப் பின்னணில பளிச்னு நிக்கும். ஆனா கருப்புக் கை கருப்பு வயித்துக்கு முன்னாடி வந்தா காணாமப் போயிடும், அதனால 1929ல மிக்கிக்கு வெள்ளை கிளவுஸ் வந்துது. ஒரே மாதிரி கஷ்டம் எல்லாருக்கும், அதனால எல்லாரும் ஒரே மாதிரி வழில போய் நின்னாங்க. நீ சொல்ற முட்டைக்கண்ணும் பாதி இந்தக் கணக்குதான்னு நினைக்கறேன், கம்ப்யூட்டர்ல ரோமமும் பெரிய கண்ணும் நல்லா வருது, எல்லாரும் அதையே பண்றாங்க.

இதுல எனக்குச் சிரிப்பு வந்தது எங்கன்னா, 1931ல இன்னொரு ஸ்டுடியோ மிக்கி மாதிரியே ஒரு ஆண் எலி பெண் எலி ஜோடியை விட்டுச்சு. டிஸ்னி கோர்ட்டுக்குப் போய்த் தடை வாங்கிட்டார்! அதே வருஷம் ஃபாக்ஸின்னு ஒரு நரி வந்துது, மிக்கிக்குக் காதைக் கூராக்கி வாலைப் பொசுபொசுன்னு வெச்சா ஃபாக்ஸி. மூணே படத்தோட போயிடுச்சு. பின்னாடி ஹோவர்ட்னு ஒரு காமிக்ஸ் வாத்தை டொனால்ட் மாதிரி இருக்குன்னு சொல்லி பேன்ட் மாட்ட வெச்சாங்க, அது தெரியுமா உனக்கு? உலகத்துலயே வக்கீல் சொல்லி பேன்ட் போட்ட வாத்து அது ஒண்ணாத்தான் இருக்கும். சரோஜா டீச்சர் இருந்தா சந்தோஷப்பட்டிருப்பாங்க.

சரி, இப்ப உன் செல்லம் பக்ஸ் பன்னி. கோவப்படாத. 1935லயே டிஸ்னி படத்துல ஆமையோட ஓட்டப்பந்தயம் விடற ஒரு அலட்டல் முயல் இருந்துது, பக்ஸ் அதோட மறுபதிப்புதான்னு பக்ஸை எடுத்த வார்னர் ஸ்டுடியோல இருந்த ஃப்ராங்க் டாஷ்லினே சொல்லியிருக்கார். 1938ல முதல்ல வந்த முயல் சும்மா பைத்தியம் மாதிரி குதிச்சுட்டு இருக்கும். அதைப் பண்ணின ஹார்டவே வேற ஸ்டுடியோவுக்குப் போய் 1940ல ஒரு பைத்தியக்கார மரங்கொத்தியைப் பண்றதுல சேர்ந்தார், ஆமா, வுடி உட்பெக்கர். ரெண்டுக்கும் குரல் மெல் பிளாங்க், அந்த ஃபேமஸ் சிரிப்பே முதல்ல முயலுக்குப் பண்ணினது. ஆனா அதே 1940ல டெக்ஸ் ஏவரிங்கற டைரக்டர் அந்த முயலை எடுத்து ஒரே ஒரு வேலை பண்ணினார், அதைக் குதிக்கவிடாம நிறுத்தினார். துப்பாக்கி மூக்குக்கு நேரா இருக்கு, அது பாட்டுக்கு கேரட்டைக் கடிச்சுக்கிட்டு "என்ன விஷயம்"னு கேக்குது. கேரட் கடிக்கறதுகூட ஒரு கிளார்க் கேபிள் படத்துல இருந்து வந்ததுன்னு சொல்றாங்க. ஆக உடம்பு ஒரு இடத்துல வாங்கினது, கேரட் இன்னொரு இடத்துல. ஆனா அந்தப் பதட்டமில்லாத நிதானம் இருக்கே, அதுக்கப்புறம் அந்த முயல் என்ன செய்யும் என்ன செய்யாதுன்னு யாருக்கும் சந்தேகம் வரலை. எனக்கு இதுல மண்டைல ஏறினது இதுதான்டி, வரைஞ்சதை ட்ரேஸ் எடுத்துடலாம், துப்பாக்கிக்கு முன்னாடி அது என்ன செய்யுங்கறதை ட்ரேஸ் எடுக்க முடியாது.

நம்பலைன்னா இதைக் கேளு. 1946ல பக்ஸ் பன்னி கோட்டு போட்டுக்கிட்டு பியானோல லிஸ்ட்னு ஒரு இசைமேதையோட ஹங்கேரியன் ராப்சடி நம்பர் ரெண்டு வாசிக்கறான், உள்ள ஒரு எலி தொல்லை. 1947ல டாம் பூனை கோட்டு போட்டுக்கிட்டு அதே ராப்சடி வாசிக்கறான், உள்ள ஜெர்ரி எலி தொல்லை. ரெண்டு ஸ்டுடியோவும் நீதான் திருடன் நீதான் திருடன்னு ஒருத்தரை ஒருத்தர் சொல்லிக்கிட்டாங்க, ஆஸ்கார் டாமுக்குப் போச்சு. நான் ரெண்டையும் அடுத்தடுத்துப் போட்டுப் பார்த்தேன், மித்ராவும் கூட இருந்தா. ஆடியன்ஸ்ல ஒருத்தன் இருமினா பக்ஸ் துப்பாக்கியை எடுத்துச் சுட்டுட்டு வாசிப்பைத் தொடரும். டாம் அதை செய்யவே செய்யாது, அதுக்கு அந்த மேடை மரியாதைதான் உயிர், கண்ணை மூடிக்கிட்டு வித்வான் கெத்தைக் காப்பாத்தவே முழு நேரமும் பாடுபடும். பாட்டு அதே, கோட்டு அதே, எலித் தொல்லையும் அதே, ஆனா பார்க்கறதுக்கு ரெண்டு வேற வேற படம். 1988ல ரோஜர் ராபிட் படத்துல டொனால்ட் வாத்தும் டாஃபி வாத்தும் ரெண்டு பியானோல உக்காந்து அடிச்சுக்குதே, அதுவும் அதே ராப்சடிதான், கவனிச்சியா?

உண்மையிலேயே காப்பின்னு எரிச்சல் வர்றது எங்கன்னா, தன்னையே காப்பி அடிக்கறப்பதான். ஹன்னா பார்பெரா ஸ்டுடியோக்காரங்க 1969ல ஸ்கூபி டூவை விட்டாங்க. அந்த நாயை வரைஞ்ச இவாவோ டகமோட்டோ, கிரேட் டேன் வளர்க்கறவங்ககிட்ட நல்ல ஜாதி நாய்னா எப்படி இருக்கணும்னு கேட்டுட்டு வந்து வேணும்னே எல்லாத்தையும் தலைகீழா வரைஞ்சாராம், நேர் முதுகுக்கு பதில் சரிஞ்ச முதுகு, நேர்க் காலுக்கு பதில் வளைஞ்ச காலு. அழகு அது! ஆனா அது ஓடினதும் அவங்களே அதே அச்சுல ஊத்த ஆரம்பிச்சாங்க. ஒரு பசங்க கூட்டம், ஒரு வண்டி, ஒரு மர்மம், நாய்க்குப் பதில் பேசற கார், அப்புறம் 1976ல பேசற சுறா. சுறா! தண்ணிக்கு வெளில நின்னு பசங்களோட பேண்ட் வாசிக்குது. அந்த அச்சு வேற ஆள்கிட்ட திருடினதில்லை, கோர்ட்டுக்குப் போக முடியாது, ஆனா அந்தச் சுறாகிட்ட சொந்தமா ஒண்ணுமே இல்லை.

லயன் கிங் சண்டை உனக்கே தெரியும், அந்த 1994 படம் வந்ததும் ஜப்பான்காரங்க இது எங்க டெசுகாவோட வெள்ளைச் சிங்கம்னாங்க. 1950லேயே அவர் வரைஞ்ச காமிக்ஸ் அது, 1965ல டிவிலயும் வந்தது. டிஸ்னிக்காரங்க எங்களுக்குத் தெரியவே தெரியாதுன்னாங்க, டெசுகா கம்பெனி கேஸ் போடலை. எனக்கு டிஸ்னிக்காரங்க சொன்னது முழுசா நம்பும்படி இல்லைன்னே வை. ஆனா டெசுகாவே டிஸ்னி பக்தர், பாம்பி படத்தை 80 தடவைக்கு மேல பார்த்தார்னு சொல்வாங்க, பாம்பியைக் காமிக்ஸாவே வரைஞ்சிருக்கார். அந்தச் சிங்கக்குட்டியோட பெரிய கண்ணு எங்கயிருந்து வந்துதுன்னு நினைக்கறே? கொடுத்தது சுத்தி வந்து வாங்கின இடத்துக்கே போன மாதிரி.

இதோட வால் இன்னும் இருக்கு. குங் ஃபூ பாண்டா என்னோடதுன்னு 2011ல ஒருத்தர் அமெரிக்காவுல கேஸ் போட்டார், பழைய டிராயிங் எல்லாம் ஆதாரமா காட்டினார். கடைசில பார்த்தா படத்தோட டிரெய்லரைப் பார்த்துட்டு வரைஞ்சு தேதி மாத்தி எழுதினது, அதுல சிலது எதுல இருந்து ட்ரேஸ் எடுத்ததுன்னு நினைக்கறே? லயன் கிங் கலரிங் புக்ல இருந்து! அவருக்கு ரெண்டு வருஷம் ஜெயில். படிச்சுட்டு நான் தனியா உக்காந்து சிரிச்சேன், இவர் வந்து எட்டிப் பார்த்துட்டுப் போனார்.

அந்தச் சிரிப்பு அடுத்த வாரம் நின்னுடுச்சு வசந்தி.

பரண்ல எதையோ தேடப் போய் சின்ன வயசுல நாம நடத்தின 'குருவிக்கூடு' கையெழுத்துப் பத்திரிகைக் கட்டு கிடைச்சுது. ஏழு இதழும் இருக்கு, ஓரமெல்லாம் பூச்சி அரிச்சு, நடுவுல உன் கையெழுத்து அப்படியே. மித்ரா தரையில பரப்பி வெச்சுப் படிச்சுட்டிருந்தா. மூணாவது இதழ்ல உன் சிங்காரம், அந்தப் பூனை, பாதிக் கண்ணை மூடி, ஒரு கையைப் பின்னாடி கட்டிக்கிட்டு, ஒரு காது கிழிஞ்சு. நாலாவது இதழ்ல என் தங்கராசு முயல். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுட்டு ரொம்ப சாதாரணமா கேட்டா, "அம்மா, இது அந்தப் பூனைதானே, காதை மட்டும் இழுத்து விட்டிருக்கீங்க?"

அப்படியேதான்டி. பாதிக் கண்ணு, பின்னாடி கட்டின கை, கிழிஞ்ச காது. சிங்காரத்துக்கு இடது காது கிழிஞ்சிருக்கு, தங்கராசுக்கு வலது. மாட்டிக்கக் கூடாதுன்னு யோசிச்சே திருப்பிப் போட்டிருக்கேன், பன்னண்டு வயசுல. சத்தியமா சொல்றேன், இத்தனை வருஷமா அது என் சொந்த முயல்னுதான் நினைச்சுட்டிருந்தேன். பொய் சொல்லிட்டிருந்தேன்னுகூட சொல்ல முடியாது, மறந்தே போயிருக்கேன், அது இன்னும் கேவலம். ஸ்கூல் ஆண்டு மலர்ல அந்த முயல்தான் அச்சாச்சு, என் பேரோட. எல்லாரும் கைதட்டினப்போ நீயும் தட்டினே. நாலாவது இதழ்ல இருந்து நீ படமே போடலை, கட்டுரை மட்டும்தான் எழுதினே. கணக்கு டியூஷன் ஆரம்பிச்சதால நேரமில்லைன்னு சொன்னே, நானும் ஆமா ஆமான்னேன்.

மேல எழுதின மிக்கி, பக்ஸ், ராப்சடி எல்லாம் படிச்சுப் பார்க்கறப்போ, ஊருலகமே காப்பி அடிக்குதுன்னு எனக்கு நானே வக்கீலா வாதாடின மாதிரி இருக்கு. பாதி அதுக்குத்தான் படிச்சிருக்கேன் போல, கட்டு கிடைக்கறதுக்கு முன்னாடியே உள்ளுக்குள்ள எங்கயோ தெரிஞ்சிருக்குமோ என்னமோ.

ஒண்ணு மட்டும் ஞாபகம் வருது. அந்த முயல் ரெண்டு இதழ்தான் ஓடிச்சு, அதுக்கு மேல எனக்கு வரலை. பாலத்து மேல நாய் வருது, தங்கராசு என்ன பண்ணும்? ராத்திரி முழுக்க உக்காந்தேன். ஒவ்வொரு தடவையும் சிங்காரம் என்ன பண்ணும்னுதான் யோசனை போச்சு, அதை உன்கிட்ட கேக்கவும் முடியலை. நீயா இருந்தா ஒரு நிமிஷத்துல சொல்லியிருப்பே. ஆறாவது இதழ்ல தங்கராசு வெளியூர் போயிருக்கிறார்னு போட்டு முடிச்சுட்டேன், இன்னும் திரும்பி வரலை.

மன்னிப்பு கேக்கறேன்னு ஒரு வரி எழுதி எழுதி அடிச்சுட்டேன், நமக்குள்ள அந்த வார்த்தை பள்ளிக்கூடத்து லீவ் லெட்டர் மாதிரி இருக்கு. நீ போன் பண்ணி நல்லா நாலு வார்த்தை திட்டு, ஸ்பீக்கர்ல போடறேன், மித்ராவும் கேக்கட்டும். மீனாகிட்ட மட்டும் சொல்லிடாத, அடுத்த இருபது வருஷத்துக்கு விடமாட்டா. முட்டிக்கு டாக்டர்கிட்ட போனியா இல்லையா?

இன்னொண்ணு, மித்ரா தினமும் கேட்டு உயிரை வாங்கறா, எனக்கு பதில் தெரியலை. மூணாவது இதழ் கடைசிப் பக்கத்துல உன் கையெழுத்துல ஒரு வரி இருக்கு, "சிங்காரத்தின் காது கிழிந்தது எப்படி? அடுத்த இதழில்!"னு. அடுத்த இதழ்ல என் முயல்தான் இருக்கு. எப்படிக் கிழிஞ்சுதுடி?

உன்
கோமு