வீடு எங்கே என்பது மட்டுமா கேள்வி?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அமெரிக்கத் தேர்தல் விவாதங்கள் பற்றிய கட்டுரையில், எதிர் வேட்பாளரைப் பார்த்து "இவர் இந்தத் தொகுதிக்காரரே இல்லை" என்று சொல்வது நியாயமான கேள்விதான் என்று எழுதியிருந்தீர்கள். அந்தக் கேள்வி பெரிதாக எழுந்த ஒரு தொகுதியில் ஓட்டுப் போட்டவன் நான். அதனால் எழுதுகிறேன்.

2017-இல், அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழவையான பிரதிநிதிகள் சபைக்கு, எங்கள் ஜார்ஜியா 6-ஆம் தொகுதியில் இடைத்தேர்தல் வந்தது. டாம் பிரைஸ் மத்திய அமைச்சரானதால் காலியான இடம் அது. குடியரசுக் கட்சியில் கேரன் ஹாண்டல், ஜனநாயகக் கட்சியில் 30 வயது ஜான் ஆசாஃப். ஆசாஃபின் வீடு தொகுதி எல்லைக்குச் சற்று வெளியே இருந்தது. எமரி பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படிக்கும் வருங்கால மனைவிக்காக அங்கே இருப்பதாகவும், தான் வளர்ந்தது இந்தத் தொகுதியில்தான் என்றும் சொன்னார். சட்டப்படி தவறில்லை. 25 வயது நிரம்பி, 7 ஆண்டுகள் குடிமகனாக இருந்து, அந்த மாநிலத்தில் வசித்தால் போதும். தொகுதிக்குள் வசிக்க வேண்டும் என்று அரசியல் சாசனம் கேட்கவில்லை. ஆனால் தன் பெயருக்கே அவரால் ஓட்டுப் போட முடியவில்லை. ஹாண்டல் அதை விடாமல் பிடித்துக்கொண்டார்.

ஹாண்டல் ஃபுல்டன் மாவட்ட ஆணையத் தலைவராக இருந்தவர், மாநில அரசில் தேர்தல்களைக் கவனிக்கும் மாநிலச் செயலாளராகவும் இருந்தவர். இங்கே உழைத்தவர் என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் அவரும் மேரிலாந்தில் வளர்ந்து இங்கே வந்தவர்தான். நானும் வந்தவன், என் தெருவில் பாதிப் பேர் வந்தவர்கள். "வெளியாள்" என்ற சொல் மேடையில் யார் மீது விழுந்தாலும் எங்களுக்கும் சுருக்கென்று தைக்கிறது.

ஜூன் 6 அன்று நடந்த தொலைக்காட்சி விவாதத்தில் குறைந்தபட்சக் கூலி பற்றிய பேச்சும் வந்தது. மத்திய அரசின் சட்டப்படி மணிக்கு 7.25 டாலர், 2009 முதல் அதே தொகை. வாழ்க்கை நடத்தப் போதுமான கூலியைச் சட்டமாக்குவதைத் தான் ஆதரிக்கவில்லை என்று ஹாண்டல் நேராகவே சொன்னார். எனக்கு அதில் உடன்பாடில்லை. இருந்தாலும் ஒரு வாக்காளனுக்குத் தேவையான பதில் அதுதான். ஆனால் மறுநாள் எங்கள் வீட்டுக்கு வந்த நண்பர்கள் கூலியைப் பற்றிப் பேசவில்லை, ஆசாஃபின் வீட்டைப் பற்றியே பேசினார்கள்.

அப்புறம் பணம். அந்தத் தேர்தலில் இரு தரப்பும் சேர்ந்து 5 கோடி டாலருக்கு மேல் செலவானது. பிரதிநிதிகள் சபைத் தேர்தல்களில் அதுவரை இல்லாத தொகை. அதில் பெரும்பங்கு ஜார்ஜியாவுக்கு வெளியிலிருந்து வந்தது, இரண்டு பக்கமும்தான். ஒருவர் எந்தத் தெருவில் தூங்குகிறார் என்பதைவிட இது என்னை அதிகம் கவலைப்பட வைத்தது. ஹாண்டல் 51.8 சதவீதம் பெற்று வென்றார். ஆசாஃப் 2021-இல் செனட்டர் ஆனார். முழு மாநிலத்துக்கும் போட்டியிட்டபோது அந்த எல்லைக்கோட்டுக்கு வேலையே இல்லாமல் போனது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் அன்றிருந்த அதே வீட்டில்தான் இன்றும் இருக்கிறேன். ஆனால் 2024 தேர்தலுக்காக மாநிலச் சட்டமன்றம் வரைபடத்தைத் திருத்தியதில் எங்கள் ஊரான ஆல்ஃபரெட்டா 7-ஆம் தொகுதிக்குப் போய்விட்டது. 6-ஆம் தொகுதி இப்போது அட்லாண்டாவுக்கு மேற்கே இருக்கிறது. இந்த எல்லைகளை யார், எதற்காக, எப்படி வரைகிறார்கள் என்று அடுத்த இதழ்களில் விரிவாக எழுதுங்கள். அது தெரிந்தால்தான் "தொகுதிக்காரர்" என்ற சொல்லுக்கு எவ்வளவு எடை கொடுக்கலாம் என்று வாசகர்களுக்குப் புரியும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
ஆல்ஃபரெட்டா, ஜார்ஜியா