கொரியாவின் இருட்டுக்கும் வயது உண்டு

அன்பு மகள் கயல்விழிக்கு,

சியோலிலிருந்து நீ அனுப்பிய இரவுநேரச் செயற்கைக்கோள் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். தெற்கே ஊரோடு ஊர் ஒட்டி வெளிச்சமாகக் கிடக்க, வடக்கே பியோங்யாங் மட்டும் ஒரு புள்ளியாகத் தெரிகிறது. வளர்ச்சிக்கு இதைவிடச் சான்று வேண்டுமா என்று கேட்டிருக்கிறாய். சான்றுதான் அம்மா, மறுக்கவில்லை. நம்பத்தக்க புள்ளிவிவரம் இல்லாத நாடுகளின் பொருளாதாரத்தை இரவு ஒளியைக் கொண்டு மதிப்பிடலாம் என்று ஹெண்டர்சன், ஸ்டோரிகார்டு, வைல் மூவரும் 2012இல் எழுதியது வீண்போகவில்லை. ஆனால் துணை மின்நிலையத்திலேயே காலம் கழித்தவன் என்ற முறையில், அந்த இருட்டுக்கும் ஒரு வயது உண்டு என்பதை உனக்குச் சொல்லியாக வேண்டும்.

1945இல் நாடு இரண்டானபோது கொரியாவின் மின்னுற்பத்தியில் பெரும்பகுதி வடக்கில்தான் இருந்தது. வடக்கே சீன எல்லையில் ஓடும் யாலு ஆற்றின் சுப்புங் அணை அன்று ஆசியாவின் மிகப் பெரிய நீர்மின் நிலையங்களில் ஒன்று. 1948 மே 14 அன்று வடக்கு மின்சாரத்தை நிறுத்தியதும் தெற்கு தவித்துப்போய், அமெரிக்கர்கள் கப்பலில் கொண்டுவந்த மின்நிலையங்களை நம்பியிருக்க நேர்ந்தது. அன்று வானிலிருந்து படம் எடுக்க முடிந்திருந்தால், தெற்குதான் இருண்டு தெரிந்திருக்கும். பிறகு 1952இல் சுப்புங் மீது குண்டு விழுந்தது. அதைச் செப்பனிட்டு மீண்டார்கள். சோவியத் ஒன்றியம் உடைந்து மலிவு எண்ணெய் நின்றதும், 1995 வெள்ளத்தில் நிலக்கரிச் சுரங்கங்கள் மூழ்கியதும்தான் மீள முடியாத அடிகள். உன் ஆய்வுக்கு நீ பயன்படுத்தும் இரவு ஒளியின் டிஜிட்டல் தரவோ 1992இல்தான் தொடங்குகிறது. வடக்கின் வீழ்ச்சி அதற்குள் ஆரம்பமாகிவிட்டது.

இன்னொன்று. இப்போதைய செயற்கைக்கோள் அங்கே கடப்பது இரவு ஒன்றரை மணியளவில். மாலை ஆறிலிருந்து பத்துவரை வரும் உச்ச நேர லோடு அதன் கண்ணில் படாது. சூரியத் தகட்டிலிருந்து பேட்டரியில் சேமித்த மின்சாரத்தில் ஒற்றை பல்பு எரித்துவிட்டுப் படுத்த குடும்பமும் படாது. கொரியாவுக்குக் கிழக்கே, ஒருவரும் குடியில்லாத கடலில் பளிச்சென்று தெரியும் புள்ளிகளைக் கவனித்தாயா? கணவாய் பிடிக்கும் படகுகள் கட்டியிருக்கும் விளக்குகள் அவை. அவற்றைக் கழிக்காமல் கூட்டிவிடாதே. சோடியம் விளக்கை மாற்றி வெள்ளை எல்இடி பொருத்திய நகரமும் மங்கியதாகவே பதிவாகும், ஏனென்றால் அந்தச் செயற்கைக்கோளின் கருவிக்கு நீல ஒளி தெரியாது.

ஆய்வேட்டின் முதல் இயலில் 1948ஐ அவசியம் சேர்த்துவிடு. எழுதியதும் எனக்கு அனுப்பு. மின்சாரம் பற்றிய பக்கங்களை நான் சரிபார்த்துத் தருகிறேன்.

அன்புடன்,
அப்பா